நக்கலுக்கு ஒரு குறி உண்டா?

எழுத்தும் நடையும்: வாசகர் கேள்விகளுக்கு எங்கள் மெய்ப்புத் திருத்துநர் குழுவின் பதில்கள்

மூன்று நாள் தாமதமாகக் கோப்பு அனுப்பிய சக ஊழியருக்கு, ‘சீக்கிரமே அனுப்பிவிட்டீர்கள், ரொம்ப நன்றி’ என்று எழுதினேன். ‘பரவாயில்லை சார், கடமைதானே’ என்று பதில் வந்தது! கிண்டல் என்று காட்ட எழுத்தில் தனிக் குறி ஏதும் கிடையாதா?

எல்லோரும் ஏற்றுக்கொண்ட குறி என்று ஒன்று இல்லை. ஆனால் முயற்சிக்குக் குறைவே இல்லை. 1580-களில் லண்டன் அச்சகர் ஹென்றி டென்ஹாம், வினாக்குறியைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டு (⸮), பதில் எதிர்பார்க்காத கேள்விகளின் கடைசியில் வைத்தார். அடுத்த நூற்றாண்டிலேயே அது வழக்கொழிந்தது. 1668-ல் ஜான் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர், தலைகீழ் உணர்ச்சிக்குறியை (¡) முரண்நகைக்கு ஒதுக்கலாம் என்றார். 1841-ல் பெல்ஜியத்தில் மார்செலின் ஜோபார் அம்பு போன்ற ஒரு குறியைப் பத்திரிகையில் அச்சிட்டார். 1899-ல் பிரெஞ்சுக் கவிஞர் அல்காந்தர் த பிராம் சாட்டைபோல வளைந்த ஒரு குறியைக் கொண்டுவந்தார். 1966-ல் எர்வே பசான் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் நக்கலோடு நிற்காமல் அன்பு, ஐயம், அதிகாரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி வகுத்தார். 2007-ல் நெதர்லாந்தில் மின்னல்போல நெளிந்த உணர்ச்சிக்குறி ஒன்றை வெளியிட்டார்கள். இரண்டை அடுத்தடுத்துப் போட்டால் நாஜிப் படையின் சின்னம்போல் இருக்கிறது என்று விமர்சனம் வந்தது. 2010-ல் அமெரிக்காவில் சுருளுக்குள் புள்ளி வைத்த குறி ஒன்றை 1.99 டாலருக்கு விற்றார்கள். நக்கலைக் காசு கொடுத்து வாங்கச் சொன்னதே நல்ல நக்கல்தான்.

எத்தியோப்பிய எழுத்து மட்டும் விதிவிலக்கு. அங்கே ‘திமிர்த்த ஸ்லாக்’ என்ற எள்ளல் குறி உண்டு. பார்க்க ¡ மாதிரியே இருக்கும். வாக்கியத்தின் கடைசியில் வரும்.

மற்றவை ஏன் நிற்கவில்லை? குறி என்பது எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையிலான ஒப்பந்தம். ஒரு பக்கம் மட்டும் கையெழுத்துப் போட்டால் செல்லாது. விசைப்பலகையில் இல்லாத குறியைத் தேடி எடுக்கும் பொறுமையும் யாருக்கும் இருக்காது. இவற்றைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. நக்கலின் சுவையே, சொன்னதற்கும் நினைத்ததற்கும் உள்ள இடைவெளியைப் படிப்பவர் தாமே தாண்டுவதில் இருக்கிறது. ‘இது நக்கல்’ என்று பலகை மாட்டினால் அந்தச் சுவை போய்விடும்.

ஆனாலும் உங்களுக்கு நேர்ந்தது அபூர்வமல்ல. ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்ளி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், மின்னஞ்சலில் எழுதியவர்கள் தங்கள் கிண்டலையும் நேர்ப்பேச்சையும் எதிராளி 78 விழுக்காடு சரியாகப் பிரித்தறிவார் என்று நினைத்தார்கள். உண்மையில் பிரித்தறிந்தது 56 விழுக்காடுதான். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும். எழுதும்போது நம் குரல் நமக்குள் ஒலிக்கிறது. அது எதிராளிக்கும் கேட்கும் என்று நம்பிவிடுகிறோம்.

உங்கள் வாக்கியத்தின் கோளாறு, அது நேர்ப்பொருளிலேயே முழுமையாக இருப்பது. முரணை அதற்குள் வையுங்கள்: ‘திங்கட்கிழமைக் கோப்பை வியாழக்கிழமையே அனுப்பிவிட்டீர்கள், ரொம்ப நன்றி.’ இரண்டு கிழமைகளும் அந்த ஏகாரமும் சேர்ந்தால் குறியே வேண்டாம்.

‘மக்கள் சேவகர்(!)’ என்று அடைப்புக்குள் உணர்ச்சிக்குறி போடுகிறார்களே, அதற்கு விதி உண்டா? எங்கே வைப்பது, எத்தனை வைப்பது?

இலக்கண நூலில் விதி இல்லை. அச்சுப் பழக்கத்தில் தெளிவான முறை உண்டு. இருக்கிற குறிகளில் தமிழ் வாசகருக்கு உடனே புரிவதும் இதுதான்.

சொல்லை ஒட்டியே போடுங்கள், நடுவில் இடம் விடாதீர்கள். இடம் விட்டால் வரி மடங்கும்போது சொல் ஒரு வரியிலும் (!) அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய் உட்காரும். அப்போது அது எதைக் கிண்டல் செய்கிறது என்றே தெரியாது. வாக்கியத்தின் கடைசியில் வந்தால் முதலில் (!), பிறகு முற்றுப்புள்ளி. ஒரே ஒரு குறி போதும். (!!!) என்று போட்டால் கத்துவதுபோல் ஆகிவிடும். நக்கல் கத்தாது.

எந்தச் சொல்லில் வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். ‘நேர்மையான(!) அதிகாரி’ என்றால் அவர் அதிகாரி, ஆனால் நேர்மையில்லாதவர். ‘நேர்மையான அதிகாரி(!)’ என்றால் அவர் அதிகாரிதானா என்றே சந்தேகம் வருகிறது. ‘இரவெல்லாம் கண்விழித்து(!) எழுதிய அறிக்கை’ என்பதில் கண்விழித்தது பொய், அறிக்கை உண்மை. பொய்யாகும் சொல் எதுவோ அதன் முதுகில்தான் குறி ஏற வேண்டும். முழு வாக்கியமும் கிண்டல் என்றால் கடைசிச் சொல்லில் வைப்பதைவிட வாக்கியத்தை மாற்றி எழுதுவது மேல்.

உருபு ஏற்ற சொல்லாக இருந்தால் ‘சேவை(!)யை’ என்று நடுவில் வெட்டாதீர்கள். ‘சேவையை(!)’ என்றே எழுதுங்கள். வெட்டினால் ‘யை’ தனியே தொங்கும், பிழைதிருத்தி அடிக்கோடு போடும், பிறகு ‘சேவையை’ என்று தேடினால் அந்த இடம் அகப்படாது.

அடுத்தவர் பேச்சை மேற்கோள் காட்டும்போது அதற்குள் (!) செருகுவது தவறு. அந்தக் குறி அவருடையதா, உங்களுடையதா என்று படிப்பவருக்குத் தெரியாது. சதுர அடைப்பில் [!] போடுங்கள், இல்லையென்றால் மேற்கோளை மூடிய பிறகு உங்கள் வாக்கியத்தில் குத்துங்கள்.

(?) போடலாமா என்று அடுத்த கேள்வி வரும், எனவே இப்போதே சொல்லிவிடுகிறோம். ஆய்வெழுத்தில் ஓர் ஆண்டுக்குப் பின்னால் (?) இருந்தால் ‘இந்த ஆண்டு உறுதியில்லை’ என்று பொருள். கிண்டலுக்கும் அதையே எடுத்தால் குழப்பம்தான். பிபிசியின் துணைத்தலைப்பு வழிகாட்டியில் கிண்டலான கூற்றுக்கு (!), கிண்டலான கேள்விக்கு (?) என்று இரண்டும் உண்டு. திரையில் முகம் தெரிவதால் அங்கே சமாளிக்கலாம். தாளில் (!) மட்டும் போதும்.

ஒரு சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டால் அது கிண்டலா, அழுத்தமா? ஒற்றையா, இரட்டையா? ‘அறிஞர்’கள் என்று எழுதுவதா, ‘அறிஞர்கள்’ என்பதா?

மூன்று கேள்விகளில் கடைசிதான் தமிழுக்கே உரிய சிக்கல், அதை முதலில் பார்ப்போம்.

தமிழ்ச் சொல் உருபை வெளியே ஒட்டவைப்பதில்லை, உள்ளே வாங்கிக்கொள்கிறது. ‘அறிஞர்’கள், ‘தியாகி’க்கு, ‘சேவை’யை ஆகியவற்றில் அடிச்சொல் சிதையாததால் வெட்டு தாங்கும். ‘பாசம்’ என்ற சொல்லோடு ‘ஆல்’ சேர்ந்தால் ‘பாசத்தால்’ ஆகிறது. ‘பாசத்’தால் என்று மூடினால் குறிக்குள் இருப்பது ஒரு சொல்லே அல்ல. ‘அன்பு’ என்பதோடு ஏகாரம் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். மூடும் குறிக்குப் பின்னால் ஏகாரக் கொம்பை மட்டும் தட்டினால், ஏறி உட்கார மெய்யெழுத்து இல்லாமல் அது புள்ளி வட்டத்தோடு திரையில் தெரியும். ஆகவே ஒரு கட்டுரை முழுவதும் ஒரே முறையில் எழுத வேண்டுமானால், உருபோடு சேர்த்து முழுச் சொல்லையும் குறிக்குள் போடுங்கள்: ‘அறிஞர்களுக்கு’, ‘பாசத்தால்’, ‘அன்பே’. இன்னொருவர் பயன்படுத்திய பட்டத்தை அப்படியே எடுத்துக்காட்டும்போது மட்டும் பட்டத்தோடு மூடுங்கள், அந்தப் பட்டம் சிதையாத வரைக்கும்.

ஒற்றையா இரட்டையா என்பதில், பேச்சுக்கு இரட்டை என்றால் எள்ளலுக்கு ஒற்றை. ஒரே கட்டுரையில் இரண்டும் ஒரே வேலையைச் செய்யக்கூடாது.

முதல் கேள்விக்குப் பதில்: எள்ளலாகவே படிக்கப்படும். இப்படி ஒரு சொல்லைத் தூரத்தில் நிறுத்தும் மேற்கோள் குறிக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்கேர் கோட்ஸ்’ (scare quotes) என்று தனிப்பெயரே உண்டு. தத்துவவியலாளர் எலிசபெத் ஆன்ஸ்கோம் 1956-ல் எழுதிய கட்டுரையில் அந்தப் பெயர் வருகிறது. ‘இந்தச் சொல் என்னுடையதல்ல, இப்படிச் சொல்கிறார்கள்’ என்பதே அந்தக் குறியின் பொருள். அழுத்தம் வேண்டி ‘புதிய’ பொருள்கள், ‘தரமான’ வேலை என்று விளம்பரம் எழுதுவோர் தங்கள் காலில் தாங்களே கல்லைப் போட்டுக்கொள்கிறார்கள். அழுத்தத்துக்குத் தடித்த எழுத்து இருக்கிறது. ‘என்று சொல்லப்படும்’, ‘எனப்படும்’ என்று எழுதிவிட்டு மேற்கோளும் போடுவது இரட்டை வேலை, ஏதாவது ஒன்று போதும்.

பதில் எதிர்பார்க்காத கேள்விக்கு ⸮ போட ஆசை. எப்படித் தட்டச்சு செய்வது?

அது யூனிகோடில் 2008-ல், 5.1 பதிப்பில் சேர்ந்தது. இணையப் பக்கம் என்றால் ⸮ என்று எழுதினால் வரும். சொற்செயலியில் சிறப்புக் குறிகளின் பட்டியலிலிருந்து எடுக்கலாம். ¡ வேண்டுமானால் விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண்பலகையில் 0161 தட்டுங்கள்.

இரண்டு இடத்தில் கால் இடறும். பல எழுத்துருக்களில் ⸮ இருக்காது, பெறுபவரின் திரையில் வெற்றுப் பெட்டி தெரியும். சிலர் அதற்குப் பதிலாகப் பார்வைக்கு ஒத்த அரபு வினாக்குறியை நகலெடுத்து ஒட்டுகிறார்கள். அது வலமிருந்து இடம் போகும் எழுத்து. அதன் பின்னால் ஓர் எண் வந்தால், எண் குறிக்கு இடப்பக்கம் தாவிவிடும். ‘ஏன் சார், இப்படியா⸮ 2008-ல்...’ என்று நீங்கள் எழுதியது வரிசை மாறித் தெரியும். எழுத்துருவில் தவறில்லை, குறிதான் தவறு.

எங்களைக் கேட்டால் சாதாரண வினாக்குறியே போதும். ‘இதைவிட நல்ல யோசனை உலகத்தில் உண்டா?’ என்பதற்கு யாரும் பதில் எழுதி அனுப்பப்போவதில்லை. வினாக்குறியை எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்தால் குரல் இறங்கி, சலிப்பு ஏறும்: ‘யாருக்குத் தெரியும்.’ இதுவும் ஒரு வழி.

குறியே போடாமல் தமிழில் நக்கல் செய்ய முடியாதா? பேச்சில் நன்றாக வருகிறது, எழுத்தில் சப்பென்று ஆகிவிடுகிறது.

முடியும். குறியைவிட அதுதான் பலம். எங்கள் கைக்கு வரும் படிகளில் பாதிக் குறிகளை அடித்துவிட்டு, ஒரு அசைச்சொல்லைச் சேர்த்தால் போதும் என்றுதான் திருத்துகிறோம்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘அவர் அறிவாளி.’ இது பாராட்டு. ‘அவர் பெரிய அறிவாளி.’ இப்போதே சாயம் கொஞ்சம் வெளுக்கிறது. ‘அவர் பெரிய அறிவாளியாக்கும்’ என்றால் சந்தேகமே இல்லை. ‘அவர்தான் அறிவாளி’ என்றால் மற்றவர்களையும் சேர்த்து முட்டாளாக்கிவிட்டதாக அவர்மேல் குற்றச்சாட்டு. ‘அவர் அறிவாளி போலும்’ என்றால் சொல்பவர் ஒதுங்கி நின்று புருவத்தை மட்டும் உயர்த்துகிறார். ‘அவர் அறிவாளியோ?’ என்பதில் ஓகாரம் வினாவையும் மறுப்பையும் ஒருசேரச் சுமக்கிறது. நன்னூல் ஓகாரத்துக்கு எட்டுப் பொருள் சொல்கிறது, வினாவும் எதிர்மறையும் அதில் உண்டு. பேச்சில் குரல் செய்யும் வேலையை எழுத்தில் இந்த இடைச்சொற்கள் செய்கின்றன. எழுத்துத் தமிழுக்கு மாறும்போது கொச்சை என்று நினைத்து ‘ஆக்கும்’, ‘தானே’, ‘போ’ எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறோம். சப்பென்று ஆவதற்குக் காரணம் அதுதான்.

அடுத்த கருவி மரியாதை. இருக்க வேண்டிய உயரத்தைவிட ஒரு படி ஏற்றிவிடுங்கள். சமவயது நண்பனை ‘துரை இன்னும் எழுந்திருக்கவில்லையோ?’ என்று கேட்பது, கூட்டத்துக்குத் தாமதமாக வந்தவரை ‘எழுந்தருளினார்’ என்பது, உளறியவரைத் ‘திருவாய் மலர்ந்தார்’ என்பது எல்லாம் இந்த வகை. தெய்வத்துக்கும் அரசருக்கும் உரிய வினைச்சொல் சாதாரண ஆள்மேல் ஏறும்போது அது தானே வழுக்கி விழும். ஆனால் சுற்றியுள்ள நடை சாதாரணமாக இருக்க வேண்டும். கட்டுரை முழுவதும் உயர்நடையில் இருந்தால் ‘எழுந்தருளினார்’ என்பதும் நிஜ மரியாதையாகவே படிக்கப்படும். இந்த உத்தி தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

மூன்றாவது, வரிசை. புகழ்ச்சியை முதலில் வைத்து, காரணத்தைப் பின்னால் சொல்லுங்கள். 1073-ஆம் குறளைப் பாருங்கள்: ‘தேவர் அனையர் கயவர்’ என்று தொடங்குகிறது. கயவர்கள் தேவர்களைப் போன்றவர்களா என்று நாம் திகைக்கும்போது, ‘அவருந்தாம் மேவன செய்தொழுக லான்’ என்று காரணம் வருகிறது: மனம்போனபடி நடப்பதில் இருவரும் ஒன்றுதானே. வஞ்சப் புகழ்ச்சிக்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடைப்பது கடினம். ‘தேவர்(!)’ என்று அங்கே ஒரு குறியைச் செருகிப் பாருங்கள், இரண்டாம் அடிக்கு வேலையே இருக்காது.

சிரிப்பு முகம் போட்டால் போதாதா?

நண்பர்களுக்குள் போதும். 1982 செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் :-) குறியை முன்மொழிந்ததே, கணினி வழி உரையாடலில் எது கேலி, எது நிஜம் என்று தெரியாமல் போனதால்தான். ஆனால் சிரிப்பு முகம் ‘இது விளையாட்டு, கோபிக்காதே’ என்கிறது, ‘நான் சொன்னதற்கு நேர்மாறாக எடுத்துக்கொள்’ என்று சொல்வதில்லை. தலைகீழ் முகம் அந்த வேலையைக் கொஞ்சம் செய்கிறது, ஆனால் அதை அசட்டுச் சிரிப்பாகவே எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. வயதில் மூத்தவருக்கு அனுப்பும் கிண்டலில் சிரிப்பு முகம் போட்டால் கிண்டல் குறையாது, கேலி செய்துவிட்டுச் சிரிக்கவும் செய்கிறான் என்றாகும்.

தீவிரக் கருத்துகளைப் பகடி செய்யும்போது மட்டும் வெளிப்படையான அடையாளம் வேண்டும். எவ்வளவு அபத்தமாக எழுதினாலும் அதை நிஜமாகவே நம்புகிறவர் ஒருவர் இருப்பார். நேதன் போ என்பவர் 2005-ல் இதைச் சொன்னதால் ‘போ விதி’ என்றே பெயராகிவிட்டது.

நக்கலுக்கு எத்தனை புள்ளி வைப்பது? சிலர் ஏழெட்டு வைக்கிறார்கள்.

மூன்று. அதுவும் தயக்கத்துக்கே: ‘நல்ல... முயற்சி.’ பாராட்டுச் சொல்லுக்கு முன்னால் வைத்தால் சொல் கிடைக்காமல் தேடுவதுபோல் ஒலிக்கும், அதில்தான் குத்து. வாக்கியத்தின் கடைசியில் வைத்தால் வெறும் பெருமூச்சு.

மொழிபெயர்க்கிறேன். மூலத்தில் பாத்திரம் ‘பிரமாதம்’ என்று ஒற்றைச் சொல்லில் சலித்துக்கொள்கிறது. அப்படியே போட்டால் பாராட்டாகிவிடுகிறது. (!) சேர்க்கட்டுமா?

புனைகதை உரையாடலில் (!) வேண்டாம். பாத்திரம் பேசும்போது அடைப்புக்குறியைப் பேசாது, நீங்கள் நடுவில் புகுந்துவிட்டது தெரியும். அகராதிப் பொருளை விட்டுவிட்டு, அதே சலிப்பில் தமிழ் பேசுபவர் என்ன சொல்வார் என்று பாருங்கள்: ‘நல்லா இருக்கு போ’, ‘ரொம்ப அழகு’, ‘இது ஒண்ணுதான் குறைச்சல்.’ கடைசியில் உள்ளதை நேர்ப்பொருளில் யாரும் படிக்கவே முடியாது. ஆகவே துணைத்தலைப்புக்கு அது மிகவும் உதவும். ‘என்று எரிச்சலுடன் சொன்னான்’ என்று விளக்கம் சேர்ப்பது கடைசி வழி. உரையாடலே வேலையைச் செய்திருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

புகார்க் கடிதத்தில் கொஞ்சம் கிண்டல் கலந்தால் உறைக்கும் என்கிறார்கள். எந்தக் குறி பொருத்தம்?

எதுவும் வேண்டாம். உங்கள் கடிதத்தை முதலில் படிப்பவருக்குப் பின்னணி தெரியாது. அவர் அதை வகைபிரித்து அனுப்புவார், அடுத்தவர் சுருக்கம் எழுதுவார். சுருக்கத்தில் மேற்கோள் குறியும் (!) உதிர்ந்துவிடும். பார்வையற்ற அலுவலர் திரைவாசிப்பு மென்பொருளில் கேட்டால், அமைப்பைப் பொறுத்து, குறிகள் ஒலிக்காமலே போகலாம். ‘தங்கள் விரைவான சேவைக்கு நன்றி’ என்ற வரி பாராட்டுக் கடிதக் கோப்பில் போய்ச் சேரும். விண்ணப்பித்த தேதி, எண், எத்தனை முறை நினைவூட்டினீர்கள், ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில் ஆகியவற்றைத் தேதிவாரியாக எழுதுங்கள். ‘தங்கள் விரைவான சேவை’ என்ற சொற்களை எங்கும் எழுதாமலே அது எவ்வளவு விரைவு என்று அந்தத் தேதிகளிலேயே தெரிந்துவிடும்.